இலவச மூலச் செயலமர்வு

என் உயிர் மச்சி சபீனாவுக்கு,

உன்னோடு கோபமாய் இருக்கிறேன். துஆவெல்லாம் வழமைபோல ஓதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கோபம் கோபம்தான்.

நீ மவுத்தாகி மண்ணுக்குள் போய் ஒன்பது மாதம். விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர் என்ற உன்ட கதிரையில் இப்போது நான் இருக்கிறேன், நம்பு. வேறு ஒருவரும் வர விரும்பவில்லை. "மச்சிட இடம்தானே, நீங்களே பாருங்க டீச்சர்" என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கதிரை என்ன குடும்பச் சொத்தா? என்னைக் கட்டின உன்ட காக்கா வேறு, "பத்தொன்பது வருசமா விஞ்ஞானம் படிப்பிக்கிற, இதுல என்ன பயம்" என்று கேட்கிறார். கட்டின மனுசனுக்கே தெரியாத பயத்தை நான் யாரிடம் சொல்ல? உனக்கு மட்டும்தானே தெரியும்.

அமிலப் போத்தலைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும். அமிலத்தில் கிளம்புகிற ஐதரசன் வாயுவைப் பிடித்து, எரிகிற ஈர்க்குச்சியை அதற்குக் கிட்டக் கொண்டுபோய், அந்த 'பொப்' சத்தத்தை என் கையால் ஒரு தரமாவது பிள்ளைகளுக்குக் கேட்க வைத்திருக்கிறேனா? ஒவ்வொரு வருசமும் அந்தப் பாடம் வரும் கிழமை உனக்கு ஒரு டெலிபோன் கோல் எடுப்பேன். நீ மேற்பார்வைக்கு வந்த மாதிரி வந்து, "டீச்சர், இத நான் ஒருக்காச் செஞ்சு காட்டவா" என்று மரியாதையாய்க் கேட்டு, செய்துவிட்டுப் போவாய். போகும்போது படிவத்தில் 'செய்முறை மிகச் சிறப்பு' என்று எனக்கு எழுதியும் தருவாய். நானும் வெட்கமில்லாமல் அதையெல்லாம் ஆவணக் கோவையில் போட்டு வைத்தேன்.

அப்படிப்பட்ட நான்தான் போன சனிக்கிழமை மற்ற ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பயிற்சி கொடுத்தேன். 'அமிலங்களும் மூலங்களும்: குறைந்த செலவில் இனங்காணல்' என்று ஒரு நாள் செயலமர்வு. பதாகை அடிக்கக் கல்முனையில் ஒரு கடையில் கொடுத்தேன். எழுத்து கூடிப்போச்சாம், கடைக்காரர் அமிலத்தை வெட்டி, குறைந்த செலவையும் செலவில்லாமல் ஆக்கிவிட்டார். 'மூலம்: செலவில்லாமல் இனங்காணல். ஒரு நாள் மட்டும். அனுமதி இலவசம்' என்று சிவப்பில், பெரிதாய், பிரதான வீதியைப் பார்த்துத் தொங்குது.

எங்களுக்கு மூலம் என்றால் அமிலத்துக்கு எதிரானது, சவர்க்காரம் சுண்ணாம்பு மாதிரி. ஊருக்கு மூலம் என்றால் நிம்மதியாய்க் குந்த விடாத வருத்தம். அந்தப் பாடத்துக்குக் கடைசி வாங்கில் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு உனக்குத் தெரியும்தானே.

மாவடிப்பள்ளி ஊரிலிருந்து வயல்காரப் போடியார் ஒருவர் வந்து முன்வரிசையில், ஒரு பக்கமாய்ச் சரிந்து அமர்ந்துகொண்டார். யாரோ பென்சனுக்குக் கிட்டின வாத்தியார் சேர் என்று நினைத்து நான் சலாம் சொல்லிக் கோவையும் பேனையும் கொடுத்தேன். பிறகுதான் வரவு இடாப்பைப் பார்த்தேன். பாடசாலை என்ற இடத்தில் 'மாவடிப்பள்ளி'. அனுபவம் என்ற இடத்தில் 'நாலு வருசம், இடைக்கிடை'. அதற்குள் குர்ஆன் கிறாத் ஓதித் தொடங்கியாகிவிட்டது, எழுப்பிவிடவும் மனமில்லை.

என்ட திட்டம் கை படாமல் தப்புவது. திரையில் வீடியோ போட்டேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்தார், நாங்கள் பார்த்தோம். ரெண்டாவது வீடியோவில் போடியார் கையைத் தூக்கினார். "மகள், படத்துல பாக்கத்தான் வீட்ட டிவி இரிக்கே. நீங்க கையால செஞ்சு காட்டுங்களன்."

மண்டபம் என்னைப் பார்த்தது. மேசையில் அமிலப் போத்தல் இருந்தது. அன்றைக்கு உன்னைத் தேடின மாதிரி நான் ஒருநாளும் தேடவில்லை மச்சி. வாய் தானாய்க் கதைத்துவிட்டது. "எனக்குப் பயம். இவ்வளவு காலமும் இத எனக்குச் செஞ்சு தந்தது சபீனா டீச்சர்."

முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கதை போகும், கதிரையும் போகும், மரியாதையும் போகும்.

பெரியநீலாவணையிலிருந்து வந்த சேர், நரைத்த மனிதர், மெதுவாய் எழும்பினார். "உங்களுக்குமா டீச்சர்?" என்றார்.

பின்னால் இருந்து, ஆலையடிவேம்பிலிருந்து வந்த டீச்சர், "எனக்கும் அவதான் செஞ்சு தந்தவ. ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டும் சொன்னவ. என்னைத் தவிர எல்லாருக்கும் தைரியம் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றாள்.

நீ செய்து கொடுத்தவர்களைக் கை தூக்கச் சொன்னேன். ஒன்பது கை. என்னோடு பத்து.

கள்ளி. பத்துப் பேருக்கும் 'செய்முறை மிகச் சிறப்பு' எழுதிக் கொடுத்தாயா? எங்கள் வெட்கத்தை மூடினாய், அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும். ஆனால் நீ உதவி செய்தாயா, எங்களைக் கெடுத்தாயா? நீ போன ஒன்பது மாதமாய்ப் பத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் 'பொப்' சத்தம் இல்லை. அந்தப் பிள்ளைகள் அதைப் பாடமாக்கி எழுதுகிறார்கள், கேட்டதில்லை.

அதை நினைக்க வந்த ஆத்திரத்தில்தான் போத்தலைத் திறந்தேன். "இப்ப நாகத்தப் போடுறன்" என்றேன். போடியார் ரெண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கிவிட்டார். நாகம் ஒரு உலோகம் என்று அவருக்கு யார் சொன்னது? மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரித்தபடியே நாகத்தைக் குழாய்க்குள் போட்டு ஈர்க்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனேன். முதல் தரம் ஒரு சத்தமும் வரவில்லை. ரெண்டாம் தரம் வந்தது. சின்னச் சத்தம்தான், ஆனால் என்ட சத்தம்.

பிறகு ஒவ்வொருவராய் வந்தார்கள். நீலாவணைச் சேர் ரெண்டு குழாயை உடைத்தார், மூன்றாவதில் வந்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை பொப், பொப் என்றே கிடந்தது.

போடியாரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "பத்து மணிக்கே விளங்கிட்டு மகள், இது என்ட மூலம் இல்ல எண்டு" என்றார். "பகல் சோறு இரிக்கி எண்டாங்க, அதான் இரிந்தன்."

இந்தக் கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் போகிறேன் மச்சி. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கோபிக்காதே. ஒருவருக்கும் நான் செய்து கொடுக்க மாட்டேன். பக்கத்தில் நிற்பேன், கை நடுங்கினால் நடுங்கட்டும், குழாய் உடைந்தால் உடையட்டும். நானும் ஒருநாள் மவுத்தாவேன். அன்றைக்கு ஒரு வகுப்பிலும் சத்தம் நிற்கக் கூடாது.

உன்ட காக்காவைக் கட்டின பயந்தாங்கொள்ளி,
உன்ட மச்சி நஸீமா