தேவகியின் தொட்டிக்கு ஒரு விளக்கு

9 ஜூலை 1973
மீன் வளர்க்கக் கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. சென்னை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கினேன். உடையாமல் காஞ்சிபுரம் கொண்டுவந்ததுதான் பெரிய காரியம். கல்யாணமானதிலிருந்து தேவகி வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். கூடத்தில் வெயில் படாது. தண்ணீருக்குள் செடி இருப்பதால் விளக்கு கட்டாயம் என்றான் விற்றவன். எந்த விளக்கு என்று எனக்கா தெரியாது? என் பட்டுப்புடவைக் கடையில் மஞ்சள் பல்பின் கீழ்தான் அரக்குப் பட்டும் ஜரிகையும் எடுப்பாகத் தெரியும். அறுபது வாட் மாட்டினேன். மீன்கள் முகூர்த்தப் புடவை மாதிரி மின்னின.

20 ஜூலை
நாடா போல் நீண்ட இலைச் செடி அடியிலிருந்து அழுகுகிறது. தண்ணீரில் கை வைத்தால் வெதுவெதுப்பு. எலெக்ட்ரீஷியன் சிட்டிபாபு வந்து பார்த்தான். "மீன் வளக்கிறீங்களா, கொழம்பு வெக்கிறீங்களா முதலாளி?" என்று கேட்டுவிட்டு, டியூப் லைட் போடச் சொன்னான். அந்த வெளிச்சத்தில் ஜரிகை செத்துப்போகும், எனக்கு ஆகாது. ஆனால் சூடு இல்லை. செடிக்கும் அதுதான் நல்லதாம். போட்டாயிற்று.

2 ஆகஸ்ட்
செடி பிழைத்துக்கொண்டது. தேவகிக்குத்தான் திருப்தி இல்லை. மங்கலாக இருக்கிறதாம்.

5 ஆகஸ்ட்
இரண்டாவது டியூப்.

18 ஆகஸ்ட்
கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. வெளிச்சம் மிஞ்சிவிட்டது, ஒன்றைக் கழற்றணும் என்கிறான் சிட்டிபாபு. இன்னொன்று வேண்டும் என்கிறாள் தேவகி. எரிச்சலில் கத்திவிட்டேன் — இந்த வெளிச்சத்துல ஊசியே கோக்கலாம், உனக்கு இன்னாதான் வேணும்? அவள் தீனி போடக் கை நீட்டினாள். தீனி தொட்டிக்கு வெளியே தரையில் கொட்டியது. அது அவளுக்குத் தெரியவில்லை. மீன்கள் சாப்பிடுவதைப் பார்ப்பவள் போல முகத்தில் சிரிப்பு.

புடவையின் நிறத்தில் யாராவது குறை சொன்னால் நாங்கள் முதலில் விளக்கைத்தான் மாற்றுவோம். தொழில் புத்தி. பார்க்கிற கண்ணைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

19 ஆகஸ்ட்
கேட்டேன். பொங்கலிலிருந்தே ஓரமெல்லாம் இருட்டு என்றாள்.
ஏன் சொல்லவில்லை?
"சொன்னா கடைக்கு வராதேன்னுடுவீங்க."
சொல்லியிருப்பேன்தான். எந்த நிறப் புடவைக்கு எந்தக் கரை என்று சேர்த்துச் சொல்பவள் அவள். என் கடைக்குப் பேர் வந்ததே அந்தக் கண்ணால்.

27 ஆகஸ்ட்
சென்னையில் கண் டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குள் அழுத்தம். போன பார்வை போனதுதான். மருந்து விட்டுவந்தால் மிச்சம் நிற்கலாம் என்றார். நிற்கலாம் — அவ்வளவுதானா? பேரம் பேச முடியாத இடம். திரும்பும் பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டியதும் சொட்டு மருந்துப் புட்டியை என் கையிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

30 ஆகஸ்ட்
மூன்றாவது டியூபும் போட்டுவிடுகிறேன், செடி போனால் போகட்டும் என்றேன். அவளுக்கு அப்படி ஒரு கோபம்.
"எனக்குப் போடற வெளிச்சத்துல அது இன்னாத்துக்குச் சாவணும்? செடிக்கு எது போதுமோ அத்த போடுங்க. நான் கிட்ட வந்து பாத்துக்கறேன்."
ஒன்றைக் கழற்றினேன். கூடம் இருண்டுவிட்டது போல் எனக்கே தோன்றியது.

14 செப்டம்பர்
தேவகி கடைக்கு வந்தாள். பகல் வெளிச்சம் விழும் வாசலோரம் நாற்காலி போட்டேன். மாகறலிலிருந்து ஒரு கல்யாண வீட்டார்; இலைப்பச்சைக்கு என்ன கரை வைத்து நெய்யலாம் என்று கேட்டார்கள். பட்டு நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாம்பழ மஞ்சள் என்றாள். ஆர்டர் கொடுத்துப் போனார்கள்.

11 நவம்பர்
பாசி அடங்கிவிட்டது. மருந்து விட்டுக்கொண்டபின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தொட்டிக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற கிட்டத்தில் தேவகி உட்கார்ந்தாள். நான் குனிந்து, விரல் வைத்துக் காட்டத் தொடங்கினேன். இதோ, நாடாச் செடி பக்கத்தில் குட்டிச் செடி, இரண்டு இலை விட்டிருக்கிறது...
"மூணு" என்றாள். "கையை எடுங்க, மறைக்குது."
எடுத்துக்கொண்டேன்.