சரிவில் நின்ற வெட்டிவேர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை வேலி எப்படியிருக்கிறது என்று நீ கேட்டதற்குப் பச்சைப்பசேலென்று நிற்கிறது என்றேனே, அது பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டே நிஜத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலி இல்லையடா. நான்தான் தோண்டி விற்றுவிட்டேன்.

இந்த வருஷ வறட்சியில் வெட்டிவேர் பயிரிடுகிறவர்கள் பாதிப் பேர் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டார்கள், நம் கிடங்கும் காலி. நீ லீவில் வந்தபோது கிடங்குக்குப் பின்னால் சரிவின் குறுக்கே, மண் சரியாமலிருக்க வேலியாக நட்ட அந்த ஒரு வரிசை மட்டும், ஒருத்தரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமலே ஆள் உயரத்துக்கு நின்றது. வேர் வாங்க வந்த அத்தர் கம்பெனி ஏஜெண்ட் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சரக்கை வெளியில நிக்க வச்சுக்கிட்டு இல்லைங்கிறீங்க" என்று சிரித்தார். அவ்வளவுதான், அதுவரை எனக்கு வேலியாக இருந்தது அந்த நிமிஷமே சரக்காகிவிட்டது. வேர் வியாபாரிக்கு மேலே இருக்கும் புல் எங்கே கண்ணில் படுகிறது? கீழே சித்தி வீடு இருக்கிறது, இதைத் தொடாதே என்று நீ சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இல்லாமல் இல்லை. வேரை நறுக்கிக்கொண்டு தூரைத் திரும்ப நட்டால் முளைத்துவிடும், லேசில் சாகிற புல்லா இது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புல் சாகாது, அது சரி. ஆனால் திரும்ப வேர் இறங்கி மண்ணைப் பிடிக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகுமே, இத்தனை காலம் இதே தொழிலில் இருப்பவளுக்கு அது தெரியாதா? உன் சித்தி தையலை விட்டுவிட்டு வந்து, "அதை ஏன்க்கா தோண்டுற?" என்று கேட்டாள். "உன் வீட்டுக்கு நல்லா வெளிச்சம் வரட்டும்டி" என்று தமாஷ் பண்ணினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தூரைக்கூட உடனே நடவில்லை, அதையும் நாற்றாக விற்கலாமென்று ஈரச்சாக்கு போட்டு மூடி நிழலில் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. கிளறிப் போட்ட மண் அத்தனையும் சித்தி வீட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் தையல் மெஷின் பாதி புதைந்துவிட்டது, தைத்து அடுக்கியிருந்த பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாம் சேறு. அறுந்து கிடந்த வேர்த்துண்டுகள் மண்ணோடு போனதால் வீடு முழுக்க வெட்டிவேர் வாசனை. நான் ஓடிப்போய் வாசலில் நின்றேன். உன் சித்தி முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "சேத்தையும் மணக்க வச்சுத்தான் அனுப்புவியாக்கா?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சித்தப்பா வேறு வீடு பார்க்கிறார். அந்த வாசனைக்காகத்தான் நாம் நாலு காசு பார்த்தோம், இப்போது கிடங்கைத் திறந்தாலே எனக்கு முகம் சுடுகிறது.

நேற்று அந்தத் தூர்களைப் பிரித்து, தோகையை ஒரு சாணுக்கு நறுக்கி, நடப் போனேன். வரிசை ஏற்ற இறக்கமில்லாமல் ஓட முதலில் மட்டம் பிடிக்க வேண்டுமே, நீ வைத்துவிட்டுப் போன தண்ணீர் ட்யூபை எடுத்தேன். ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை யார் பிடிப்பது? உன் சித்தி மேலே ஏறி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் மறுமுனையை எடுத்துக்கொண்டாள். சாயந்திரம் வரை அவள் வாயிலிருந்து வந்தது "ஏத்து", "இறக்கு", "போதும்", அவ்வளவுதான். நெருக்கமாக நட்டிருக்கிறோம், பிடிக்கிற வரைக்கும் மண் மூட்டை அடுக்கியிருக்கிறேன். வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்களா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நீ சித்திக்குப் போன் பண்ணு. எனக்காகப் பரிந்து பேசாதே, அவள் சொல்வதை மட்டும் கேள். உடம்பைப் பார்த்துக்கொள், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. இனி வேலியைப் பற்றி என்னிடம் கேட்காதே, அவளிடமே கேள். இந்த வரிசை இனி அவளுடையது என்று ஏஜெண்டிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அம்மா