மணி அடித்தால் திறக்காத வீடு

மார்ச் 3, திங்கள்

விடியவே மழை. பல்லரோச் சந்தை முழுக்கத் தார்ப்பாய் தொங்கித் தண்ணீர் ஒழுகுகிறது. வெண்டைக்காய்ப் பெட்டி நனைந்து போச்சு, பாதி விலைக்குத் தள்ளினேன். முருங்கைக்காய் இன்றும் வரவில்லை.

தம்பி அன்ரன் கடிதத்தோடு கடைக்கு வந்தான். நகரசபைக் கடிதம். அவன் குடும்பத்தின் வதிவிடப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தோம். உண்மையில் ஆள் குடியிருக்கிறதா என்று பார்க்க விஜிலே, நகரசபைக் காவலர், வந்தாராம். மணி அடித்தாராம். ஒருவரும் இல்லையாம். பத்து நாளில் பதில் தராவிட்டால் பதிவு இல்லை.

மணியில் அவன் பெயரை ஒட்டியது நான். தபால்பெட்டியிலும் நான்தான். அவன் மனைவி நிர்மலா பகல் முழுக்க வீட்டில். பிறகெப்படி ஆளில்லை?

"இருந்தவ அக்கா. மணி கேட்டதாம். ரீவியை நிப்பாட்டிப் போட்டு, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு குசினிக்குள்ளை இருந்திட்டா."

"ஏனடா?"

"அங்கை பழகினது."

அங்கை என்றால் இங்கிலாந்து. பிள்ளை இங்கிலீசில் படிக்கட்டும் என்று, இத்தாலிப் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு போனவர்கள். வடக்கே ஒரு ஊர். ஒரு காலம் நூல் ஆலை ஊராம், இப்போது புகைபோக்கிகள் மட்டும். கோழிக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அதையும் பூட்டினார்கள். வேலை தேடுவோர் அலுவலகத்துக்கு ஒருநாள் பஸ் பிந்திப் போனான், உதவிப்பணத்தை நிறுத்திவிட்டார்கள். விளக்கம் கேட்க ரெலிபோன் எடுத்தால் பாட்டுத்தான் போகுமாம்.

பிறகு அந்தக் கோடை. வெளிநாட்டாரைத் துரத்த வந்த கூட்டம், கல், மூலைத் தமிழ்க் கடைக்கு நெருப்பு. கல் எறிந்தவர்களில் ஒருவன் இவனோடு ஒரே மேசையில் கோழி பொதி செய்தவன். அவனுக்கும் வேலை போனது. தொழிற்சாலையைப் பூட்டியவனை அவன் எங்கே தேடுவான். அன்ரனின் கதவு பக்கத்தில் இருந்தது.

மொண்டெல்லோக் கடற்கரை ஹோட்டலில் சலவை வேலை, ஈஸ்டரிலிருந்து. இங்கே திரும்பி வந்தபின் அன்ரனுக்குக் கிடைத்த முதல் வேலை. முகவரி போட்ட அடையாள அட்டை இம்மாத முடிவுக்குள் வேண்டுமாம். பதிவு இல்லாமல் அட்டை இல்லை. ஆகவே பதிவு. வேறு கதை வேண்டாம்.

பின்னேரம் அதே கட்டிடத்து இரண்டாம் மாடிப் பீனாவிடம், இந்த ஊர்க்காரி, விசாரித்தேன்.

"என்னட்டையும் கேட்டவன், ரஞ்சி. யூனிஃபோம் போட்டவன் கேட்டால் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அப்பிடியொரு குடும்பத்தைப் பாத்ததே இல்லையெண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்."

பெருமையாகச் சொன்னாள். இருபது வருடமாக அவளிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான். என்ன செய்ய.

மார்ச் 5, விபூதிப் புதன்

ஒருசந்தி. வெறும் வயிற்றோடு நகரசபை. இங்கே சாம்பலை உச்சியில் தூவுவார்கள், எங்கள் குருவானவர் நெற்றியில் பூசுவார். கவுண்டர்ப் பெண் என் நெற்றியைப் பார்த்து, அழுக்கென்று நினைத்து, கடதாசி நீட்டினாள். துடைக்கவில்லை. பதில் கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

விஜிலே திரும்ப வருவாராம். எப்போது? "வரும்போது, சின்யோரா."

நிர்மலாவிடம் சொன்னேன். ஓம் ஓம் என்கிறாள். கண் கதவில்.

மார்ச் 7, வெள்ளி

யோசித்தேன். அவளைக் கதவடியில் இருத்தி வைக்க முடியாது. அதட்டித் திறக்க வைத்தால் நான் போனதும் பூட்டுவாள். தெருவுக்கு அவளைத் தெரியாது, அவளுக்குத் தெருவைத் தெரியாது. பிழை அங்கே.

இன்றிலிருந்து மாடிக்குச் சாமான் கொண்டுபோவதில்லை. கடைக்கு நேரெதிரே மூன்றாம் மாடிதானே. பல்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கட்டும், பீனா செய்வதுபோல. மேலிருந்து வாசல் கதவைத் திறக்கும் பொத்தான் பழுது என்பதால் பீனா சாவியையும் அதில்தான் இறக்குவாள்.

முதல்நாள்: கை மட்டும் தெரிந்தது. கூடை சுவரில் மோதி இரண்டு தக்காளி போச்சு.

மார்ச் 13, வியாழன்

நல்ல வெயில். முருங்கைக்காய் வந்தது, முற்றல்.

நிர்மலா இப்போது தலையை வெளியே நீட்டிக் கேட்கிறாள். கீழே நின்று பீனா பிழை பிடிக்கிறாள்: "மெல்ல விடு பிள்ளை, கிணத்திலையே தண்ணி அள்ளுறாய்?" கத்தரிக்காய் சூத்தை என்று நிர்மலா திருப்பி அனுப்பினாள். சூத்தைதான். மாற்றிக் கொடுத்தேன்.

விஜிலே வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நிர்மலாவிடம் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். வியாபார மும்முரத்தில் மறந்தேன். நாளை சூசையப்பர் திருநாள். முந்தின மாலை இங்கே பழைய மரச்சாமான்களைத் தெருவில் குவித்துக் கொளுத்துவார்கள். ஆறு மணிக்குப் புகை, வெடி, கூச்சல். நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் மாடி இருட்டு. கூடை பாதிக் கயிற்றில் ஆடுகிறது.

ஓடினேன். கதவுக்குப் பின்னால் அலுமாரி இழுபடும் சத்தம்.

"மச்சாள், நான் ரஞ்சி. திறவும்."

"வந்திட்டாங்கள். நீங்கள் போங்கோ."

"ஆர் வந்தது? பீனான்ரை மோன். தாயின்ரை கதிரையை எரிக்கிறான்."

"ஏன்?"

"கால் உடைஞ்ச கதிரை. வேலைவெட்டி இல்லாதவன், வேறை என்ன செய்யிறது."

கீழே பீனா வாய் ஓயாமல் திட்டுவது மேலே வரை கேட்டது. அந்தக் கதிரை இன்னும் பத்து வருடம் நிற்குமாம். அலுமாரி ஓர் ஆள் நுழையுமளவு நகர்ந்தது. பிள்ளையை இடுப்பில் ஒட்டிக்கொண்டு நின்றாள். விளக்கைப் போட்டேன். மூவரும் பல்கனிக்குப் போனோம். கனநேரம் பார்த்தாள்.

"ஒருத்தரையும் தேடேல்லை என்ன? நெருப்பைத்தான் பாக்கிறாங்கள்."

"ஓம்."

கூடையை மேலே இழுத்தாள்.

மார்ச் 20, வியாழன்

வெயில். தெருவில் இன்னும் கரி. அன்ரன் மொண்டெல்லோவில், ஹோட்டல்காரரைப் பார்க்க.

பதினொரு மணிபோல் யூனிஃபோம், கையில் கோப்பு. மணி அடித்தார். மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஓட எழும்பினேன், பிறகு நின்றேன். இன்று நான் ஓடினால் என்றைக்கும் நான்தான் ஓட வேண்டும். பீனா பல்கனிக்கு வந்து வாயைத் திறந்தாள். கையால் அடக்கினேன்.

மூன்றாம் மாடித் திரை அசைந்தது. நிர்மலா வெளியே வந்தாள்.

"கூ யே?" ஆரென்று கேட்கும் கேள்வி. அப்படியே பீனாவின் குரல்.

அவர் பெயரை வாசித்தார். அவள் உள்ளே போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். மிளகாய் கேட்டவர் என்னைப் பார்க்கிறார், நான் மேலே.

கூடை இறங்கியது. மோதாமல், மெல்ல. உள்ளே வாசல் சாவி. அவர் எடுத்துக்கொண்டு படியேறினார்.

மேலே ஏதோ இழுபடும் சத்தம். மறுபடி அலுமாரியோ? இல்லை, கதிரை. இருக்கச் சொல்லுகிறாள்.

பிறகு அவள் தலை வெளியே.

"மச்சாள், சீனி முடிஞ்சுது. கோப்பிக்கு. கூடையிலை கெதியாப் போடுங்கோ."