பினாங்கிலிருந்து வந்த தாய்மாமன்

தம்பி,

இன்று காலையில் என் பிள்ளை எனக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டான். அவனுடைய சிநேகிதர் யாரோ மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பச்சைக் குப்பி. மூடியைத் திறந்தானோ இல்லையோ, நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். பினாங்கிலிருந்து வந்த நாளிலிருந்து உன் சட்டையிலும் தலையணையிலும் இதே வாடைதானே. "போதும், மூடுடா" என்றேன். "என்னம்மா, எரியுதா?" என்றான். ஆமாம், எரிகிறது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எரிந்தது முழங்கால் இல்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை இனியும் வைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

சாக்கோட்டையில் நம் வீட்டில் உன் பந்தாட்டத்தை யாரும் ஒரு வேலையாக நினைத்ததில்லை. காரைக்குடிக்குப் படிக்கப் போன பயல், பையை ஓரமாகப் போட்டுவிட்டுச் செம்மண் பொட்டலில் வெறுங்காலோடு ஆடிவிட்டு வருவாய். கால் பெருவிரலில் எப்போதும் ஒரு கிழிசல் துணி கட்டியிருக்கும். ஆத்தா கத்துவாள். நான் அவளுக்கு மேல் கத்துவேன். "படிக்கப் போனியா, ஒதைக்கப் போனியா?" என்று கேட்டால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாய். அந்தப் பல்லைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அதனால் பார்க்கமாட்டேன்.

ஐயா குத்தகைக்குப் பார்த்த நிலத்துக்காரச் செட்டியார்தான் உன்னைப் பினாங்குக்கு அழைத்துப் போனார். அவர்களுடைய வட்டிக்கடையில் எழுத்து வேலைக்கு என்று பேர். "பய காலுக்கு இங்க என்னய்யா இருக்கு? அங்க சாயங்காலமானா பச்சைப் புல்லுல ஆடலாம். என்னோட அனுப்பு" என்று அவர் சொன்னபோது ஐயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்து வேலை என்றதும் சரி என்றார். அறுபதுகளின் நடுவில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினாய். அடுத்த வருஷமே எழுத்து வேலையை விட்டுவிட்டேன், ஒரு கிளப்பில் ஆடுவதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கடிதம் போட்டாய். ஐயா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஆடுறதுக்கா? வேற வேலை ஒண்ணும் சொல்லலையா?" என்றார். அப்புறம் அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

உன் கடிதங்கள் எல்லாம் கால்களைப் பற்றித்தான். பூட்ஸ் போட்டு முதல் மேட்சில் ஆடியபோது கொப்புளம் உடைந்து நிற்கக்கூட முடியவில்லை என்று எழுதினாய். அங்கே பெய்கிற மழையில் பந்து கல்லாய்க் கனக்கும், கோச் ஒரு சீனக் கிழவர், பாராட்டவே மாட்டார், கோல் போட்டால் முதுகில் ஓர் அடி வைப்பார், அதுதான் அவருக்குச் சிரிப்பு என்று எழுதினாய். பத்திரிகையில் வந்த உன் படம் ஒன்றையும் அனுப்பினாய். கோடு போட்ட பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்றாய். "இந்த வயசுல அரைக்கால் சட்டையா" என்று நான் சொன்னேன். படத்தை மட்டும் என் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்கு உன் ஆட்டத்தைப் பற்றித் தெரியும்.

அந்தச் சமயம் எனக்குத் திருப்பத்தூரில் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்திருந்தான். அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். மாமியார் வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஓரகத்தி பிள்ளைக்குக் காது குத்தியபோது அவளுடைய அண்ணன் தம்பிகள் மேளம் வைத்து, கிடாய் பிடித்து, தட்டு தட்டாகச் சீர் கொண்டுவந்து, தெருவையே அடைத்துவிட்டார்கள். அன்று முதல் மாமியாருக்கு நான் வாயில் மெல்லுகிற வெற்றிலை. "ஒன் தம்பி எங்கிட்டோ பந்து ஒதைக்கப் போயிருக்காகளாமே. மாமன் சீரு கப்பல்ல வருமா, காத்துல வருமா? இல்லே, தபால்ல மடிய அனுப்புவாகளா?" என்பாள். ஊர்க்காரப் பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், உள்ளே வெந்துகொண்டு.

உனக்கு எழுதினேன். நீ பதில் போட்டாய்: அக்கா, கோலாலம்பூரில் பெரிய கோப்பை ஆட்டம் வருகிறது, அது முடிந்ததும் கிளப்பில் புது ஒப்பந்தம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இங்கே வெளிநாட்டுக்காரர்களுக்குச் சட்டம் மாறப்போவதாகப் பேச்சிருக்கிறது, இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வருவது சிரமம் என்கிறார் கிளப்காரர், கொஞ்சம் பொறு. இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்? எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. வெளிநாட்டுக்குப் போனதும் அக்கா கசந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன்.

ஆத்தா நல்லது சொன்னாள். "ஏண்டி, ஒன் சித்தப்பன் மகன் இங்கனதான இருக்கான். அவனும் மாமன்தான? அவன் மடியில வச்சுக் குத்துனா காது ஒட்டாதாக்கும்?" என்றாள். ஊரில் எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள்! யாரும் குறை சொல்லமாட்டார்கள், என் மாமியாரைத் தவிர. நான் கேட்கவில்லை. "கூடப் பொறந்தவன் இருக்கையில ஒண்ணுவிட்டவன் மடியில ஏம் பிள்ளை எதுக்கு உக்காரணும்? அவன் வரலேன்னா இந்தக் காது குத்தாமலே கெடக்கட்டும். நானும் இனி ஒங்க வீட்டுப் பக்கம் வரல" என்று குதித்தேன். அதையே உனக்கும் எழுதினேன். இனிமேல் எனக்குத் தம்பி இல்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. ஆமாம், நன்றாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

நீ வந்துவிட்டாய்.

என்ன மாதிரி வந்தாய்! பிள்ளைக்குக் கடுக்கன், எனக்குப் பட்டு, மாமியாருக்குக்கூட ஒரு பூப்போட்ட குடை. திருப்பத்தூர்த் தெருவில் மேளத்துக்குப் பின்னால் நீ நடந்து வந்தபோது மாமியார் வாசலுக்கு வந்து, "வாங்க மாப்ளே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? எளச்சுப்போயில்ல இருக்கீக!" என்று உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. குலசாமி கோயிலில் பலகை போட்டு உன்னை உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பயல் வீறிட்டு உன் வெள்ளைக் கால்சட்டையை நனைத்துவிட்டான். "மாமனுக்கு இதுதான் மருமகன் சீரு" என்று நீ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் என் ஓரகத்தியைப் பார்த்தேன். அன்று நான் பார்த்தது அவள் முகத்தைத்தான், உன் முகத்தை இல்லை.

நீ பார்த்ததுதானே: அந்தப் பயலுக்கு இப்போது தலை வழுக்கை. கடுக்கனைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கழற்றி எறிந்துவிட்டான். காது ஓட்டை எப்போதோ தூர்ந்துவிட்டது.

விருந்து முடிந்து நீ சென்னைக்குப் போனாய். அங்கே விசா ஆபீசில், வேலைக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் புதிதாக அனுமதி வேண்டும் என்றார்கள். கிளப்காரர் அங்கிருந்து எழுதிப் பார்த்தார். சென்னையில் கிளப்புக்குத் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாய். ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் உன் பெட்டியைப் பிரிக்காமலே மூலையில் வைத்திருப்பாய். ஆத்தா அழுக்குத் துணியாவது எடுத்துக் கொடு என்பாள். "இருக்கட்டும் ஆத்தா, எந்நேரமும் கூப்புடுவாக" என்பாய். கோப்பை ஆட்டம் நீ இல்லாமல் நடந்து முடிந்தது. கடைசியில் முடியாது என்று பதில் வந்தது. உன் இடத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவனைப் போட்டுவிட்டார்கள். அன்றுதான் பெட்டியைப் பிரித்தாய். உனக்கு அப்போது இருபத்துநாலு வயது.

நான் சாக்கோட்டைக்கு ஓடிவந்து உன் முன்னால் நின்று அழுதேன். "என்னாலதானே தம்பி?" என்றேன். நீ பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாய். "ஒன்னாலயா? கிறுக்கா ஒனக்கு? சட்டம் வந்துருச்சுக்கா. நான் அங்கனயே இருந்திருந்தாலும் கட்டுடா மூட்டையன்னு அனுப்பிருப்பாக. எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். போயி மொகத்தக் கழுவு" என்றாய். எனக்கு உயிர் வந்தது. போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும், சட்டம் அப்படி, அவன் அங்கே இருந்திருந்தாலும் வந்திருப்பான் என்று நானே பிறருக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எத்தனை காலம் சொன்னேன்! நீ பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். நீயும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாய்.

உன் காரியத்துக்கு ஒருவர் வந்திருந்தார். தேவகோட்டைக்காரர், பினாங்கில் உன்னோடு ஒரே டீமில் கோல்கீப்பராக நின்றவர். உன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொடுத்துவிட்டு வழக்கப்படி என் பாட்டைப் பாடினேன்: "என்ன செய்யிறது, சட்டம் வந்து எல்லாரையும் அனுப்பிட்டாகளே." அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரையும் எங்கக்கா அனுப்பினாக? எங்களுக்கெல்லாம் கிளப்பே பெர்மிட் எடுத்துக் குடுத்துச்சே. நான் அதுக்கப்புறம் ஆறேழு வருஷம் ஆடிட்டுத்தான் வந்தேன். அந்தச் சமயத்துல வெளிய போனவுகளத்தான் திரும்ப விடல" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அவனும் அப்பவே எனக்கு எழுதிக் கேட்டான்க்கா. நாந்தான் விவரமா எழுதுனேன். ஒங்ககிட்டச் சொல்லலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நீ சொல்லவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே, முகத்தைக் கழுவு என்றாயே பாவி! திருப்பத்தூரிலேயே உரக்கடையில் வேலைக்கு உட்கார்ந்து, கல்யாணம் செய்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையானால் என் வீட்டுக்கு வந்து கறிச்சோறு கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனாயே. ஒரு நாளாவது கோபத்தில் வாய் தவறிக் கேட்டிருக்கக் கூடாதா? நீ என்னை வைதிருந்தால் நானும் திருப்பி வைதிருப்பேன், சண்டை போட்டு, அழுது, ஆறியிருக்கும். என்னை நல்லவளாகவே வைத்திருந்துவிட்டுப் போய்விட்டாய். இப்போது நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ஆனால் தம்பி, அந்தத் தேவகோட்டைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று சொன்னால் அது பொய். சட்டத்தைப் பற்றி வேண்டுமானால் அவர் சொல்லித் தெரிந்திருக்கலாம். நான் எதைக் கெடுத்தேன் என்பது எனக்கு வெகு காலத்துக்கு முன்பே தெரியும்.

நீ திரும்பி வந்த மறு வருஷம், பொங்கல் கழித்துக் காரைக்குடியில் மேட்ச் நடந்தது. திருப்பத்தூர் டீமுக்கு உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று பயல் அடம் பிடித்ததால் என் வீட்டுக்காரர் எங்களை அழைத்துப் போனார். ஓரத்தில் கயிறு கட்டிய இடத்தில் நின்றோம். பொம்பளைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஆட்டம் ஆரம்பித்ததும் ஒரே புழுதி, கத்தல், கால்கள். இதுதானா, இதற்கா சம்பளம் என்று நினைத்தேன்.

அப்புறம் பந்து உன்னிடம் வந்தது. மதுரை டீம்காரர்கள் மூன்று பேர் உன்மேல் பாய்ந்து வந்தார்கள். நீ அப்படியே நின்றுவிட்டாய். பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி நின்றாய். அவர்கள் உன்னைத் தாண்டி ஓடிவிட்டார்கள். அவர்கள் திரும்புவதற்குள் நீ அங்கே இல்லை. அவ்வளவு பேர் கூடியிருந்த மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பந்து வலைக்குள் போய்க் கிடந்தது. அதற்குப் பிறகுதான் கூட்டம் கத்தியது. உன்னை எனக்கு அடையாளமே தெரியவில்லை. நம் வீட்டில் சோற்றுக்கு நின்ற பயல் இல்லை அது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு முன்பின் தெரியாத பெரியவர் பக்கத்து ஆளிடம், "யாருய்யா இவன்? இவ்வளவு ஆட்டத்த வச்சுக்கிட்டு இங்குட்டு எதுக்குய்யா கெடக்கான்?" என்று கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் முடிந்து நீ ஓடிவந்தாய். மூச்சு வாங்கியது, தலைமுடியெல்லாம் செம்மண். பயலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "பாத்தியாக்கா? எப்படி?"

நான் சொன்னேன்: "தலையெல்லாம் புழுதி. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்க."

நீ "சரிக்கா" என்று சிரித்துவிட்டுப் பயலோடு நடந்துபோனாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ கேட்கவே இல்லை. சில வருஷத்தில் ஆடுவதையும் விட்டுவிட்டாய்.

சொல்லத் தெரியாமல் இல்லை, தம்பி. வாயில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால், உன்னிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் விழுங்கினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குச் சோறு போடும்போது வந்தது, ஒவ்வொரு முறையும் விழுங்கினேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும், நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒப்பாரியோடு ஒப்பாரியாக அழுதேனே தவிர, அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

பாத்தேன்டா. ரொம்ப நல்லா ஆடுனே.