ஏழுமலை கிழிக்காத தோல்

10-8-1978, வியாழன். ஆம்பூர்.

என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

இன்று நான் குமாஸ்தாவாக இருக்கும் தோல் தொழிற்சாலைக்கு ஒரு பேராசிரியர் வந்தார். பனிக்காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களும் கல்லால் தோல் சுரண்டினார்களாம். அதனால் கையால் சுரண்டுவதைப் பார்க்க வந்திருந்தார். அவர்கள் ஏன் அழிந்தார்கள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று ஜீப்பில் கூட்டிவரும்போது என்னிடம் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் தொழிலாளி ஏழுமலை கத்தியால் சுரண்டிக் காட்டினார். இருபது வருஷமாகப் பழகிய கை. "அவங்கல்லாம் இன்னா ஆனாங்க சார்?" என்று கேட்டார்.

"அழிஞ்சி போய்ட்டாங்க. மூளை கம்மி" என்றார் பேராசிரியர்.

மேனேஜர் ஏழுமலையைக் காட்டி, "இங்க கொஞ்சம் மிச்சம் இருக்கு சார்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு பேராசிரியர் கத்தியை வாங்கிச் சுரண்டினார். இரண்டாவது இழுப்பிலேயே தோல் கிழிந்தது.

"மூளை கம்மியா இருந்தா இப்டிதான் சார் கிழியும். அவங்களுக்கு ஜாஸ்தியாதான் இருந்திருக்கும்" என்றார் ஏழுமலை.

விருந்தாளி கிளம்பியதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அவன இனிமே வர வேணாம்னு சொல்லிடு. தோலை அவன்தான் கிழிச்சான்னு எழுது."

"சார், அது வந்து..."

"எழுதுய்யா."

எழுதினேன். காரணம், கவனக்குறைவு.

ஏழுமலையிடம் இனி வர வேண்டாம் என்று சொன்னேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இன்னான்னு சார் எழுதனீங்க?" என்று கேட்டார்.

"ஆளு ஜாஸ்தின்னு எழுதியிருக்கேன்" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். த்தூ.