கணினிக்கு வயலின் வாங்குவது பற்றி

குருநகர்
மே 28

அன்புள்ள மகன் டினேசுக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகம். நோர்வேயில் நீயும் ஜெயகௌரியும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு செபமாலையிலும் சொல்லிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்துக் கதையை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விட்டுவிட்டுப் போன கணினியில்தான் இன்னும் கோயில் பாட்டுகளுக்கு இசைக்குறி எழுதுகிறேன், திருநாளுக்கு ஆறு கிழமை இருக்கிறது, இந்த முறை நான்கு குரலில் ஒரு புதுப்பாட்டு, கூடவே வயலினும் வருகிறது. எழுதியதைக் கணினி வாசித்துக் காட்டும்போது அந்த வயலின் காதுக்குள் நுளம்பு புகுந்து ரீங்காரமிடுவது போல இருக்கிறது, எங்கள் பாடகர் குழுவில் கஜந்தினி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள். இதை உனக்குச் சொன்னபோதுதான், நல்ல வாத்திய ஒலிகள் விற்கிறார்கள், வாங்கித் தாறன், கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கோ என்று மாதிரி ஒன்றை அனுப்பினாய். நேற்றுப் பின்னேரம் அதைப் போட்டேன். மகன், அதை மெசின் என்று சொல்லவே முடியாது, வில் நரம்பில் உரசுவதுகூடக் கேட்டது. முற்றத்தில் கிழிந்த வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா, ஊசியோடு வாசலில் வந்து நின்று, தம்பி உதை எப்ப அனுப்பினவன் என்று கேட்டார், நீ வாசித்துப் பதிந்தது என்று நினைத்துவிட்டார். உது தம்பி இல்லை, கொம்பியூட்டர் என்றேன். ஊசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு, இன்னொருக்கால் போடும் என்றார். மூன்று தரம் போட்டேன். பிறகு எழும்பிப் போய் முகம் கழுவினார்.

இன்று காலை ஜெயகௌரிக்குப் போன் எடுத்து, அவன் இப்ப வயலின் வாசிக்கிறவனோ என்று கேட்டேன். அவளைக் கோபிக்காதே, நான்தான் விடாமல் கேட்டனான். இல்லை மாமி, வந்த நாளிலையிருந்து வயலின் பெட்டி கட்டிலுக்குக் கீழைதான் கிடக்குது என்றாள். ஆறு வருசம். இரண்டு வேலைக்கு ஓடுகிறவனுக்கு நேரம் ஏது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் மத்தியானம் சோறு இறங்கவில்லை. எட்டு வயதில் தாடையில் தழும்பு விழ விழ வாசித்த பிள்ளை நீ.

எனக்கு அந்த ஒலி வேண்டாம், மகன். அது அவ்வளவு நன்றாக இருப்பதுதான் கஷ்டம். பக்கத்து அறையில் நீ இருப்பது போலக் கேட்கும், எட்டிப் பார்த்தால் இருக்க மாட்டாய். சுருதியும் தாளமும் பிடிபட எங்களுக்கு இந்த நுளம்புச் சத்தம் போதும். நீ நரம்பை மாற்றி, ஒரு சனிக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்கி, வயலின் பகுதியை வாசித்துப் பதிந்து அனுப்பு. இசைக்குறித் தாளை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். கைப்பழக்கம் விட்டிருக்கும், பிழை வரும், வரட்டும், திருத்தாமல் அனுப்பு. திருநாளன்று அதைப் போட்டுத்தான் பாடப்போகிறோம், பங்குத்தந்தையும் ஓம் என்றுவிட்டார்.

ஜெயகௌரி முதுகு நோகிறது என்றாள், பாரம் தூக்க விடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, முதல் எட்டு வரியும் நாங்கள் தனியாகப் பாடுவோம், ஒன்பதாவதில் நீ வந்து சேர வேண்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும் அம்மா,
மக்டலீன்