மாத்திரையை நிறுத்திய என் கணவர் இன்னும் விளம்பரத்தில் சிரிப்பது குறித்து

அனுப்புநர்:
அய்லா ஹாக்கரைனென்,
8, கொய்வுகுயா தெரு,
யோயென்சு, பின்லாந்து.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்.

பொருள்: உணவுக்குப் பதிலாக அருந்தும் பொடியின் விளம்பரத்திலிருந்து காலஞ்சென்ற என் கணவரின் படத்தையும் ரத்தக் கொழுப்பு அளவுகளையும் நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் கணவர் வெய்யோ, நகரச் சாலைகளில் பனி அகற்றும் வண்டி ஓட்டியவர். வயது 54. ரத்தத்தில் கொழுப்பு மிகுவது அவருக்குப் பரம்பரையாக வந்தது. அவருடைய தந்தையும் மாரடைப்பில் இறந்தவர். ஒன்பது ஆண்டுகளாக அதற்கு மாத்திரை எடுத்துவந்தார்.

2. சென்ற செப்டம்பரில், இணைப்பிலுள்ள விளம்பரத்தில் பெயர் காணும் நிறுவனத்தின் எடைக்குறைப்புக் குழுவில் சேர்ந்தார். காலையும் மதியமும் பொடியைக் கரைத்துக் குடித்து, இரவில் மட்டும் சாப்பிட்டார். எட்டு வாரத்தில் பதினோரு கிலோ குறைந்தது. கெட்ட கொழுப்பு (எங்கள் நாட்டு மில்லிமோல் கணக்கில்) 3.2 இலிருந்து 2.1 ஆகவும், இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 2.6 இலிருந்து 1.1 ஆகவும் இறங்கின. இவை உண்மையான அளவுகள். அவற்றை நான் மறுக்கவில்லை.

3. நிறைவுக் கூட்டத்தில் நிறுவன ஆலோசகர் மார்கெட்டா எல்லோர் முன்னிலையிலும் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "வெய்யோ, உங்க ரத்தம் இப்போ இருபது வயசுக்காரன் ரத்தம் மாதிரி இருக்கு. இனி மாத்திரை எதுக்குங்க?" அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

4. மறுநாளே மாத்திரையை நிறுத்தினார். மருத்துவரைக் கேட்கச் சொன்னேன். "அவர்கிட்ட போனா மறுபடியும் மாத்திரையைத்தான் நீட்டுவாரு, அய்லா. சும்மா இரு" என்று சிரித்தார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

5. மார்ச் 5, நோன்புக்கு முந்திய செவ்வாய். அந்நாளின் வழக்கப்படி பட்டாணி சூப் வைத்துக் காத்திருந்தேன். அவர் பேருந்து நிறுத்தத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்திருக்கிறார். மாரடைப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எடுத்த ரத்தத்தில் கெட்ட கொழுப்பு 6.0. மறுநாள் காலை இறந்தார்.

6. அங்கிருந்த மருத்துவர் எனக்கு விளக்கினார்: குறைவாக உண்டு வேகமாக எடை இறங்கும் வாரங்களில் கொழுப்பும் இறங்குவதுண்டு, அந்த 2.1 இல் மாத்திரையின் பங்கும் இருந்தது. மாத்திரையை விட்டால் பரம்பரைக் கொழுப்பு பழைய உயரத்துக்கே ஏறும். இதை அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

7. 2.1 என்ற அளவோடு அவர் சிரிக்கும் விளம்பரப் படம் இன்றும் எங்கள் தெருமுனைக் கடைக் கண்ணாடியில் இருக்கிறது. ரொட்டி வாங்க அதைக் கடந்துதான் போக வேண்டும். நிறுவனத்துக்கு இருமுறை எழுதினேன். படத்தை மூன்றாண்டுக்குப் பயன்படுத்த அவர் ஒப்புதலில் கையெழுத்திட்டுள்ளார் என்றும், அளவுகள் சரியானவை என்றும் பதில் வந்தது.

8. சென்ற வாரம் அந்தப் படத்தைக் காட்டி ஒரு பெண்மணி தன் கணவரிடம், "பாருங்க, இவருக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு! நீங்களும் இதைக் குடிச்சுட்டு அந்தக் கொழுப்பு மாத்திரையைத் தூக்கிப் போடுங்க" என்றார். "அவர் என் வீட்டுக்காரர். செத்துப் போயிட்டார். மாத்திரையை விட்டுடாதீங்க" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். பொடிப் பெட்டியை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

ஆகவே, அவ்விளம்பரத்தை உடனே அகற்றவும், மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆலோசகர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுகிறேன். ஒப்பந்தம் முடியும்வரை அகற்ற இயலாதெனில், 2.1 க்குக் கீழே 6.0 என்பதையும், அவர் இறந்த தேதியையும் அதே அளவு எழுத்தில் அச்சிட ஆணையிடுங்கள்.

இடம்: யோயென்சு
நாள்: 14.5.2019

இப்படிக்கு,
(ஒப்பம்)
அய்லா ஹாக்கரைனென்